புளியங்கொட்டை வைத்த இடங்கள்

சேகருக்கு, ஜோகுபாளையத்திலிருந்து உன் நைனா எழுதுவது. உறையின் மேலே உன் பெயரையும் ஈஜிபுரா விலாசத்தையும் பார்த்துவிட்டு, யாரையோ பிடித்து எழுதி வாங்கியிருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. அது என் எழுத்து. இதுவும் என் எழுத்து. தபாலில் போடப் போவதில்லை, மருமகளிடம்தான் கொடுத்தனுப்பப் போகிறேன். ஆனாலும் விலாசம் எழுதினேன். எழுதத் தெரிந்த பிறகு எழுதாமல் இருப்பானேன்? ஜன்னலோரம் பலகையைப் போட்டுக்கொண்டு ஒரு வரி எழுதுவேன். எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். திரும்பி வந்து அந்த வரி அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். அது எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. முதலில் சிலேட்டில் எழுதி, கோகிலா தப்பைத் திருத்திக் கொடுத்த பிறகு தாளில் ஏற்றுகிறேன். கோகிலா எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு டீச்சர். மற்ற நாளெல்லாம் கார்மெண்ட்ஸ் பேக்டரியில் சூப்பர்வைசர். இந்தக் கடிதத்தை வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டவேண்டும் என்கிறாள். காட்டட்டும். ஒளித்து வைக்கிற வயது எனக்குத் தாண்டிப் போய்விட்டது.

எழுதுவதற்குக் காரணம் உனக்குத் தெரியும். வருகிற ஒண்ணாந் தேதி காலேஜ் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, அத்திபெலே பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கப் போகிறாய் என்று மருமகள் சொன்னாள். சம்பளம் நல்ல சம்பளமாம், வண்டி வந்து கூட்டிப் போகுமாம். உன் அம்மா கஸ்தூரி போனதிலிருந்து நீ காலேஜ் பக்கமே போகவில்லை. அவள் இருந்தபோதே விட்டுவிடலாம் என்ற எண்ணம் உனக்கு வந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. எனக்கு பிசிக்ஸும் தெரியாது, பாடம் நடத்தவும் தெரியாது. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். பாயில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல், புரிந்த மாதிரி தலையாட்டுவது எப்படி என்று தெரியும். அதில் நான் கெட்டிக்காரன். உன் காலேஜ் பிள்ளைகளை உன்னிடம் காட்டிக் கொடுக்கப் போகிறேன் என்று வைத்துக்கொள். அதோடு உனக்கு ஒரு சேதியும் இருக்கிறது. அதைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ படிக்க மாட்டாய்; இவ்வளவு பாடுபட்டு எழுதுகிறவனுக்கு அது அடுக்காது.

தியேட்டரில் நான் டார்ச் அடித்துக்கொண்டிருந்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்து பாட்டு மட்டும் கேட்பாய். டிக்கெட்டில் ஒரு இங்கிலீஷ் எழுத்து, ஒரு நம்பர் இருக்கும். நம்பர் எனக்குத் தெரியும். எழுத்து தெரியாது. ஆனால் அதன் உருவம் தெரியும். கூடாரம் மாதிரி இருப்பது திரைக்குப் பக்கத்து வரிசை. ஏணி மாதிரி இருப்பது இரண்டாவது ஃபேனுக்குக் கீழே. பாம்பு மாதிரி இருப்பது கடைசித் தூணுக்குப் பக்கம். நாற்காலியில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை, இருட்டில் பார்க்கவும் வேண்டியதில்லை. உருவத்தைப் பார்த்ததும் கால் தானாக அந்த இடத்துக்குப் போகும். வருஷக்கணக்கில் ஒரு தப்பு வரவில்லை. மேனேஜர் புது ஆட்களிடம் என்னைக் காட்டி, "இவரப் பாத்துக் கத்துக்கோங்கப்பா" என்பார். எனக்குப் படிக்கத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சில நாள் நானே அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு தியேட்டர் கைமாறியது. புது முதலாளி நாற்காலிகளை மாற்றினார். வரிசையையும் மாற்றினார். முன்னாலிருந்து ஆரம்பித்த எழுத்து இனிமேல் பின்னாலிருந்து ஆரம்பிக்கும், கடைசி வரிசைதான் இனி முதல் வரிசை. மேனேஜர் எங்களை நிற்கவைத்து இதைச் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது சார்" என்றோம். நான்தான் முதலில் சொன்னேன். மேட்னி ஆரம்பித்தது. அதிக விலை கொடுத்துப் பின் வரிசை வாங்கிய குடும்பத்தை, தாத்தா பாட்டி சகிதம், திரையில் மூக்கு இடிக்கிற இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். அடுத்த குடும்பத்தையும் அப்படியே. பத்து நிமிஷத்தில் தியேட்டர் முழுக்க ஆட்கள் எழுந்து நின்று ஒருவர் டிக்கெட்டை ஒருவர் பிடுங்கிப் பார்க்கிறார்கள். திரையில் படம் ஓடுகிறது, யாரும் பார்க்கவில்லை. ஒருத்தர் என் டார்ச்சைப் பிடுங்கி நாற்காலி முதுகில் அடித்துக் காட்டினார். "இன்னாய்யா, இம்மாம் பெருசா எழுதியிருக்கு, கண்ணு தெரில உனக்கு?" கண் தெரிந்தது. எழுத்துதான் தெரியவில்லை. அதன் பிறகு என்னை சைக்கிள் ஸ்டாண்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆள் குறைவு, அதனால் போனேன் என்று உன்னிடம் சொன்னேன். உன் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "பாவம், அந்தத் தாத்தா பாட்டி! ஈரோயின் பொட்டு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதே மாதிரி ஒரு கதையை நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் சொன்னாய். நான் பக்கத்தில் படுத்திருந்தேன், தூங்கவில்லை. போர்டில் எப்போதும் பேட்டரியை இடது பக்கம் வரைந்துதான் பாடம் நடத்துவாயாம். பரீட்சையில் அதே படத்தை, பேட்டரியை வலது பக்கம் வைத்து வரைந்து கேட்டாயாம். முக்கால்வாசிப் பேர் வெறும் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். "சார், இது நீங்க நடத்தவே இல்லியே" என்று ஒருவன் கேட்டானாம். பிரின்சிபால் உன்னைக் கூப்பிட்டு, "யாக்ரீ பேக்கு இதெல்லா, எதுக்கு இதெல்லாம்? கைடுல இருக்கறதையே கேட்டுட்டுப் போங்களேன், ரிசல்ட் கெட்டுப் போகுது" என்றாராம். "இத்தன வருஷமா நான் அவங்களுக்கு ஒண்ணுமே கத்துக்குடுக்கலம்மா. மார்க் மட்டும் வந்துட்டிருந்துச்சு" என்றாய். உன் குரல் தணிந்துபோயிருந்தது. உன் பிள்ளைகளும் என்னைப் போல டார்ச் அடிக்கிறவர்கள்தான் என்று எனக்கு அப்போதே தோன்றியது. எழுந்து உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். தூங்குகிற மாதிரியே இருந்துவிட்டேன். உன் அம்மாதான் பேசினாள். "ஏண்டா, கொழம்பு எப்பிடி இருக்குன்னு கேட்டா யார்னா நல்லால்லன்னு சொல்வாங்களா? நான் வாயப் பாக்கமாட்டேன், எலயப் பாப்பேன். எத ஒதுக்கி வெச்சிருக்காங்கன்னு பாப்பேன்." நீ சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனாய். ஒதுக்கி வைத்ததைப் பார்ப்பது எப்படி என்று அவளும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் நாங்கள் இருவரும் வகுப்பில் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. தியேட்டரை மூடி, இடித்து, துணிக்கடைக் கட்டடம் எழும்பிய பிறகு நான் வீட்டிலேயே கிடந்தேன். உன் அம்மாதான் இழுத்துக்கொண்டு போனாள். புத்தர் படம் மாட்டிய சங்க ஹாலில் பாய் விரித்து வகுப்பு. எதற்குப் படிக்கவேண்டும் என்று கோகிலா ஒவ்வொருவரையும் கேட்டாள். ஒருவர் மருந்துச் சீட்டு என்றார், ஒருவர் பேப்பர் என்றார். உன் அம்மா சொன்னாள்: "செத்தவங்க போட்டோவப் போட்டு செவுத்துல ஒட்டறாங்களே, அதுக்குக் கீழ என்னதான் எழுதறாங்கன்னு தெரிஞ்சிக்கணும். ஆளு உயிரோட இருந்தப்ப திட்டினவங்கதான ஒட்டறாங்க." ஹாலே சிரித்தது.

அவளுக்குச் சீக்கிரம் வந்தது. எனக்கு வரவில்லை. ஆனால் வராதது யாருக்கும் தெரியாது. கோகிலா படிக்கச் சொல்லும்போது உன் அம்மா உதட்டை அசைக்காமல் மூச்சால் சொல்வாள், நான் உரக்கச் சொல்வேன். சிலேட்டில் எழுதச் சொன்னால் அவள் தன் சிலேட்டைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்து வைப்பாள். ஆமாம், பெண்டாட்டியைப் பார்த்துக் காப்பி அடித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில், "எத்தினி நாளைக்குத்தான் ஓதறது உனக்கு?" என்பாள். "இன்னும் கொஞ்ச நாள்" என்பேன். கோகிலா வாராவாரம், "எல்லாருக்கும் வருதா?" என்பாள். "வருது டீச்சர்" என்போம். அவள் சந்தோஷமாக அடுத்த பக்கத்தைத் திருப்புவாள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அதை நீளமாக எழுத எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காலையில் மார்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "இன்னா பண்ணுது?" என்றேன். "ஒண்ணுமில்ல, வாயு" என்றாள். சரி என்று நான் பால் வாங்கப் போனேன். அவ்வளவுதான். நீ ஈஜிபுராவிலிருந்து வந்து சேர்ந்தபோது ஹாலில் விரிக்கும் பாயைத்தான் வீட்டில் விரித்திருந்தார்கள். நானும் அழவில்லை, நீயும் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்போமே, அது நம் கன்னம்தானா என்று, அப்படி இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது. போன வாரம் அடுப்பில் விரலைச் சுட்டுக்கொண்டேன். கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டது தெரிந்தது.

தெரு முனையில் நம் பையன்கள் போஸ்டர் ஒட்டினார்கள். ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அதில் அவள் யாரையோ முறைக்கிற மாதிரி இருப்பாள். அதன் முன்னால் போய் நின்றேன். கீழே நாலு வரி எழுதியிருந்தது. அவள் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட அந்த நாலு வரி. எனக்குப் படிக்க வரவில்லை. ஒரு எழுத்து, இரண்டு எழுத்து தெரிந்த மாதிரி இருந்தது, அதற்கு மேல் போகவில்லை. பக்கத்தில் கடைக்காரர், "இன்னா மாமா, படிச்சிட்டீங்களா? நல்லா போட்டிருக்காங்க இல்ல?" என்றார். "ம், நல்லா போட்டிருக்காங்க" என்றேன்.

காரியமெல்லாம் முடிந்து வகுப்புக்குப் போனேன். வீட்டில் இருப்பதும் ஹாலில் இருப்பதும் ஒன்றாக இருந்தது, அதனால் போனேன். பாயில் என் இடத்தில் உட்கார்ந்தேன். கோகிலா, "மாமா, நீங்க படிங்க" என்றாள். புத்தகத்தைப் பிரித்தேன். வாயைத் திறந்தேன். காது இடது பக்கம் காத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. அவ்வளவு பேரும் என்னையே பார்த்தார்கள். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்து, "வேணாம் வுடு டீச்சர்" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த முனியம்மா. வீட்டு வேலை செய்து ரிட்டயர் ஆன கிழவி, வாய் நீளம். துக்கம் என்னைக் காப்பாற்றியது என்றுகூட நான் நினைத்தேன். ஆனால் கோகிலா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஏதோ சந்தேகம் வந்துவிட்டது. என் மேல் மட்டுமில்லை, எல்லோர் மேலும்.

அடுத்த ஞாயிறு ஒரு பையில் புளியங்கொட்டை கொண்டுவந்தாள். ஆளுக்கு ஒரு கை கொடுத்தாள். "எங்க பேக்டரில தச்ச துணிய செக் பண்றவங்க, பழுது இருக்கற எடத்துல குட்டியா ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. துணியத் தூக்கிப் போடமாட்டாங்க, அந்த எடத்த மட்டும் பிரிச்சுத் தைப்பாங்க. இன்னிக்கு யாரும் வாயத் தொறக்க வேணாம். பக்கத்தப் பாருங்க, எங்க முட்டுதோ அங்க ஒரு கொட்டைய வெச்சிட்டு வெளிய போய்க் காத்து வாங்குங்க. யார் பாயில எவ்ளோன்னு கேக்கமாட்டேன்" என்றாள். முதல் வாரம் யாரும் வைக்கவில்லை. எல்லோரும் கொட்டையை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு வெளியே போனோம். பக்கமெல்லாம் சுத்தமாக இருந்தது. கோகிலா புத்தகங்களை எடுத்து அடுக்கினாள். அடுத்த வாரம் வந்ததும் தன் பையிலிருந்து ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தாள். அவள் தபாலில் டிகிரி படிக்கிறாள். எல்லோரும் பார்க்க அதைப் பிரித்து, ஒரு பக்கத்தில் ஐந்தாறு கொட்டைகளை வைத்தாள். "இது என்னோடது" என்றாள்.

முனியம்மா எட்டிப் பார்த்தாள். "அய்ய, டீச்சருக்கே இவ்ளோ முட்டுதா?" என்று சொல்லிவிட்டுத் தன் பக்கம் முழுக்கக் கொட்டையை அடுக்கிவிட்டாள். "இன்னா முனியம்மா, வெதைக்க வந்தியா?" என்றேன். "நீ மொதல்ல கையத் தொறய்யா" என்றாள் அவள். "கொட்ட வெக்காத ஆளு எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்" என்று ஒரு சட்டமும் போட்டாள். நான் கையைத் திறந்தேன். எல்லோரும் வெளியே போன பிறகு, முதல் வரியில் முதல் வார்த்தையில் ஆரம்பித்து வைத்துக்கொண்டே போனேன். கொட்டை தீர்ந்துவிட்டது, பக்கம் தீரவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். வெட்கப்பட்டிருக்கவேண்டும். வெட்கம் வரவில்லை. அந்த நாட்களில் எதுவுமே வரவில்லை. ஆனால் உள்ளங்கை காலியாக இருந்தது நன்றாக இருந்தது.

கோகிலா அன்றிலிருந்து பாடத்தை மாற்றினாள். பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் கொட்டையைப் பார்த்தாள். ஒரே வார்த்தையில் ஏழெட்டுப் பேர் கொட்டை வைத்திருந்தால் எங்களை ஒன்றும் சொல்லாமல், "இத நான் சரியா சொல்லலபோல, வேற மாதிரி சொல்றேன்" என்பாள். என் பக்கத்தில் கொட்டை மெல்ல மெல்லக் குறைந்தது. சில வாரம் குறைந்து, சில வாரம் கூடி, பிறகு குறைந்தது. ஒரு நாள் டீக்கடையில் கட்டித் தொங்கவிட்டிருந்த பேப்பரில் ஒரு வரியை நானே படித்தேன். தக்காளி விலை பற்றி. தக்காளி விலையைப் படித்து யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். கடைக்காரரிடமும் படித்துக் காட்டினேன். அவர் ஏற்கெனவே படித்துவிட்டாராம்.

அன்றே போஸ்டரைப் பார்க்கப் போனேன். மழையில் பாதி உரிந்து தொங்கியது. அவள் முறைக்கிற கண்கள் இருந்தன, கீழே இரண்டு வரி இருந்தது. விரல் வைத்துப் படித்தேன். 'எங்களை ஆழ்ந்த துயரத்தில் ஆழ்த்திவிட்டு' என்று இருந்தது. மீதி மழையில் போய்விட்டது. இன்னொரு தடவை படித்தேன். எழுத்து எழுத்தாக வந்தது, ஒன்றுகூட முட்டவில்லை. ஆனால் ஆழ்ந்த துயரம் என்று போட்டிருக்கிறதே, அது எங்கே இருக்கிறது என்று எனக்குள் தேடினேன். கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். படிப்பதும் புரிவதும் ஒன்றில்லை என்று நீ உன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாயே, அது இதுதான் போலிருக்கிறது.

இப்போது சேதி. பத்து நாளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். "சேகர் சார் வீடு இதானா தாத்தா?" என்றாள். சார் ஈஜிபுராவில் இருக்கிறார், இது அவர் அப்பன் வீடு என்றேன். பெயர் ரேணுகா, உன் ஸ்டூடண்ட். ஆபீஸில் உன் பழைய விலாசத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள். துக்கம் கேட்க வந்தவள் துக்கம் கேட்கத் தெரியாமல் நின்றாள். உள்ளே உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தேன். "சார் வேலைய வுட்டுட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. இப்ப வர்ற சார் புக்கப் பாத்து வாசிச்சிட்டுப் போறார்" என்றாள். "உங்க சார் நல்லா நடத்துவாரா?" என்றேன். "சூப்பரா நடத்துவார். ஆனா..." என்று நிறுத்தினாள். "ஆனா?" என்றேன். "நடத்திட்டுப் புரிஞ்சுதான்னு கேப்பார். புரியலன்னு சொன்னா அவர் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும் தாத்தா. பாவமா இருக்கும். அதான் புரிஞ்சுதுன்னு சொல்லிடுவோம்." எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் போன பிறகும் சிரித்தேன். நீ அவர்களுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாய், அவர்கள் உனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பேட்டரிப் பரீட்சை பற்றிக் கேட்டேன். "வெறும் தாளைத்தான் குடுத்தியா?" என்றேன். "ஆமா" என்றாள். பிறகு, "ஆனா எனக்குத் தெரிஞ்சிடுச்சு தாத்தா" என்றாள். எப்படி என்றேன். பரீட்சை எழுதும்போது கடைசி வரை ஒன்றும் ஓடவில்லையாம். ஒரு ஓரத்தில் நீ போர்டில் போடும் பழைய படத்தை வரைந்து பார்த்துவிட்டு அழித்துக்கொண்டிருந்தாளாம். தாளைக் கொடுக்க எழுந்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் தாள் திரும்பியிருக்கிறது. பின்பக்கத்திலிருந்து பார்த்தால், அழித்த படத்தில் பேட்டரி வலது பக்கம் இருந்ததாம். நம் வீட்டு காலண்டரில் கிழித்த தாளை வாங்கி, அதில் வரைந்து, ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். "பாருங்க தாத்தா, படம் மாறவேயில்ல. எல்லாம் அதேதான், கரண்ட் ஓடற வழியும் அதேதான். நாமதான் பின்னாடி வந்து நின்னுட்டோம்." எனக்கு அது உடனே புரிந்தது, சேகர். திரைக்குப் பின்னால் நின்று நான் எத்தனை படம் பார்த்திருக்கிறேன்! அங்கிருந்து பார்த்தால் ஹீரோவெல்லாம் இடது கையால்தான் அடிப்பார்கள், ஆனால் வில்லன் விழுவதில் ஒரு மாற்றமும் இருக்காது. அவளிடம் சொன்னேன். அந்தப் பெண் அப்படிச் சிரித்தாள்.

"இத ஏம்மா சார்கிட்ட சொல்லல?" என்றேன். "பெல் அடிச்சிட்டாங்க. வெறும் தாளக் குடுத்தவ அப்புறம் போய் இன்னா தாத்தா சொல்றது? அடுத்த நாள் சார் வந்தார், யார் மூஞ்சியையும் பாக்காம நடத்திட்டுப் போயிட்டார். அப்புறம் உங்க வீட்டுல..." என்று நிறுத்தி, சுவரில் இருந்த அம்மா போட்டோவைப் பார்த்தாள்.

இதுதான் சேதி. நீ வெறும் தாள் என்று எண்ணி வைத்தவற்றில் ஒன்று வெறும் தாள் இல்லை. நீ பரீட்சை வைத்த அந்த மணிநேரத்தில்தான் அவள் கற்றுக்கொண்டாள், அது உனக்குத் தெரியாது. ஒன்றுமே கற்றுக்கொடுக்கவில்லை என்று நீ அம்மாவிடம் சொன்னாயே, அந்தப் பேச்சும் மேனேஜரிடம் நான் புரிஞ்சுது என்று சொன்ன பேச்சும் ஒரே மாதிரிதான். இரண்டுமே பார்க்காமல் சொன்னது. இன்னும் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு ஜன்னலில் தாளைப் பிடித்துப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவர்கூட இல்லாமலும் இருக்கலாம். கோகிலா மாதிரி ஒரு கை கொட்டையைக் கொடுத்துவிட்டு நீ வெளியே போய் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

வேலையை விடுவதா வேண்டாமா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ, "சரி நைனா" என்பாய். நீ வந்து போகும்போதெல்லாம் நான், "நல்லா இருக்கியா?" என்கிறேன். நீ, "நல்லா இருக்கேன் நைனா, நீ?" என்கிறாய். "நல்லா இருக்கேன்" என்கிறேன். பிறகு இருவரும் டிவியைப் பார்க்கிறோம். உன் அம்மா மார்பைத் தடவிக்கொண்டே ஒண்ணுமில்ல என்று சொன்னதையும், நான் சரி என்று பால் வாங்கப் போனதையும் நினைத்தால் எனக்கு இப்போதும் ஒன்றும் செய்யவில்லை. கன்னத்தைத் தட்டிப் பார்க்கிறேன், மரத்துத்தான் இருக்கிறது. ஆனால் வாய் சொல்கிற பதிலை நம்பி எழுந்து போகக்கூடாது என்பது மட்டும் தெரிகிறது.

அதனால் ஒன்று செய்திருக்கிறேன். ஆறு பத்திக்கு முன்னால் போஸ்டரைப் பற்றி எழுதிய இடத்தில், 'ஆழ்ந்த துயரம்' என்ற வார்த்தையின் மேல் ஒரு புளியங்கொட்டையைச் சோற்றுப்பசை வைத்து ஒட்டியிருக்கிறேன். படிக்கும்போது பார்த்திருப்பாய். அது என்னுடையது. உறைக்குள் இன்னும் ஒரு கை கொட்டை இருக்கிறது. அது உன்னுடையது. கடிதத்தை இன்னொரு தடவை படி. உனக்கு எங்கெங்கே முட்டுகிறதோ அங்கெல்லாம் வை. காலேஜ் பற்றி எழுதியதில் வை, அம்மாவைப் பற்றி எழுதியதில் வை, நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்ததில் வை. காரணம் சொல்ல வேண்டாம், பேச வேண்டாம். ஒண்ணாந் தேதிக்கு முன்னால் வருகிற ஞாயிறு, தாளை அப்படியே எடுத்துக்கொண்டு சங்க ஹாலுக்கு வா. ரேணுகாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். காலண்டர் தாளை அவளே உனக்குப் பிடித்துக் காட்டட்டும்.

ஒரு கொட்டைகூட வைக்காமல் நீ வந்தால், முனியம்மா சட்டப்படி எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். தருவாய், எனக்குத் தெரியும். பிறகு நாம் இருவரும் வேப்பமரத்தடியில் நின்று, நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம் என்று சொல்லிக்கொண்டே அதைக் குடிக்க வேண்டியிருக்கும்.

தன் கையால் எழுதிய,
உன் நைனா.